வெள்ளரி மூக்கு: ஆர்ச்சிம்போல்டோவின் முகங்களும் ஒட்டுப்படத் தன்னுருவங்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக நிகழ்த்திய உரையின் திருத்திய வடிவம். திரையில் படம் காட்டிப் பேசிய இடங்களில் படத்தை வார்த்தையால் சொல்ல முயன்றிருக்கிறேன். கேள்வி நேரத்தில் பேசியவற்றில் சிலவற்றை உரிய இடங்களில் சேர்த்திருக்கிறேன்.)



தலைப்பை நானே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். காய்கறியால் முகம் வரைந்த ஓவியரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "கொஞ்சம் கனமான பொருளாக இருக்குமா ஐயா?" என்று மிகப் பணிவாகக் கேட்டார்கள். பூசணிக்காய் கனமான பொருள்தான் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். இன்று அந்தப் பூசணிக்காயை இறக்கி வைக்க வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஜுசெப்பே ஆர்ச்சிம்போல்டோ வரைந்த முகங்களில் எந்தக் காயும் முகமாக நடிப்பதில்லை. வெள்ளரி வெள்ளரியாகவே கிடக்கிறது. அது கிடக்கும் இடம் அதை மூக்காக்கிவிடுகிறது. இதை விளங்கிக்கொண்டால் அவர் படங்களை விந்தைப் பொருட்களின் வரிசையிலிருந்து மீட்டுவிடலாம். கத்தரிக்கோலும் பசையும் எடுத்துத் தன் முகத்தைத் தானே ஒட்டிப் பார்க்க நினைக்கிற ஒரு மாணவருக்கும் இதைவிடப் பயனுள்ள பாடம் எனக்குத் தெரியவில்லை.

1. ஆள்

மிலான் நகரத்துக்காரர். பிறந்தது 1526 என்று இப்போது கொள்கிறோம். அந்த ஆண்டு எப்படித் தெரியவந்தது என்பது ஒரு நல்ல கதை, பிறகு சொல்கிறேன். தந்தை பியாஜோவும் ஓவியர். மிலான் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்கு மாதிரி வரைந்து கொடுக்கும் வேலையில் 1549-இல் தந்தையும் மகனும் சேர்ந்தே இருந்தார்கள். மோன்சா பேராலயத்தில் சுவரோவியம், கோமோ பேராலயத்துக்குத் திரைச்சீலை வடிவம் என்று ஒரு பத்துப் பதினைந்து ஆண்டு கோயில் வேலையிலேயே போயிற்று. அந்தக் காலத்து வேலைகளைப் பார்த்தால் பின்னால் வரப்போகும் வெள்ளரிக்காயின் வாசனைகூட அவற்றில் இல்லை.

ஆனால் கண்ணாடிச் சன்னல் வேலையை நான் சாதாரணமாகக் கடந்துவிட மாட்டேன். அங்கே ஓவியன் நிறத்தைத் தீட்டுவது குறைவு. வெட்டிய நிறத் துண்டுகளை அடுக்குவதே அதிகம். ஒரு துண்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை ஈயப்பட்டை காட்டிக்கொடுத்துவிடும். இருபத்து மூன்று வயதில் அந்தப் பழக்கம் கையில் ஏறியிருக்கிறது.

1562-இல் ஹாப்ஸ்பர்க் அரசவையின் உருவப்பட ஓவியராக வியன்னாவுக்குப் போனார். முதலாம் பெர்டினாண்ட், இரண்டாம் மாக்சிமிலியன், இரண்டாம் ருடோல்ப் என்று மூன்று பேரரசர்களிடம் வேலை பார்த்தார். ருடோல்ப் தலைநகரைப் பிராகுக்கு மாற்றியபோது அங்கே இருந்தார். 1587-இல் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது; 1593-இல் மிலானிலேயே காலமானார். அரசவையில் அவர் வேலை படம் வரைவதோடு நிற்கவில்லை. திருவிழா ஊர்வலங்களுக்கு உடை வடிவமைத்தார். 1585-இல் அவர் ருடோல்புக்குக் காணிக்கையாக்கிய 148 உடை வரைபடங்களின் தொகுப்பு இன்று புளோரன்சின் உஃபீசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மூரில் கோயில் திருவிழாவின் அலங்காரம், மேடை, பந்தல் எல்லாவற்றையும் ஒரே கைகாரரிடம் விட்டுவிடுவார்கள் அல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி ஆள்.

2. கோடை என்ற ஒரு முகம்

1563-இல் நான்கு பருவங்களை நான்கு தலைகளாக வரைந்தார். வசந்தம் மாட்ரிட்டில் இருக்கிறது. கோடையும் பனிக்காலமும் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில். அந்த வரிசையின் இலையுதிர்காலம் தொலைந்துவிட்டது. நல்ல வேளையாக 1573-இல் மாக்சிமிலியன் சாக்சனியின் ஆட்சியாளர் அவுகுஸ்டுக்குப் பரிசளிக்க இன்னொரு முழு வரிசை வரையச் சொன்னார். அது பாரிசின் லூவ்ரில் நான்கும் சேர்ந்து இருக்கிறது.

இன்று கோடையை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். பக்கவாட்டில் திரும்பிய முகம், பின்னால் கரும் இருள். கன்னம் ஒரு பழுத்த பீச். மூக்கு வெள்ளரி. உதட்டில் செர்ரி. வாய் லேசாகத் திறந்து சிரிக்கிறது. உள்ளே தெரியும் பல்வரிசை, பிளந்த தோலுக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் பட்டாணி. காது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மக்காச்சோளக் கதிர். கொலம்பஸ் அமெரிக்காவில் கால்வைத்து எழுபத்தோரு ஆண்டுதான் ஆகிறது. அந்தக் கண்டத்துப் பயிர் ஒன்று வியன்னா அரசவையில் காதாக நிற்கிறது. உடம்பில் வைக்கோலும் கதிரும் பின்னிய சட்டை. நெஞ்சில் ஆர்ட்டிசோக் என்ற ஒரு காய் குத்தியிருக்கிறது. பார்ப்பதற்குத் தாமரை மொட்டுக்கு முள் முளைத்தது மாதிரி இருக்கும்.

இப்போது உங்கள் கையைச் சுருட்டிக் குழல்போல வைத்துக்கொண்டு கன்னத்தை மட்டும் பாருங்கள். அது பீச் பழம். கன்னமாக ஆகவேண்டும் என்பதற்காக அதில் ஒரு சுருக்கமோ எலும்பு மேடோ வரையப்படவில்லை. குழலை மூக்குக்கு நகர்த்துங்கள். அது வெள்ளரி, அதன் மேல்தோலின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. மூக்குத் துவாரம் கிடையாது. துவாரம் ஒன்று போட்டிருந்தால் வேலை சுலபமாகியிருக்கும், படம் கெட்டிருக்கும். அந்த ஒரு புள்ளியில் காய் நடிக்கத் தொடங்கியிருக்கும். காய், முகம் என்ற இரண்டு படிநிலைகளையும் நம்பிக் கண்ணை மாறி மாறி ஓட்டும் இன்பம் அந்த நொடியே போய்விடும்.

கையை எடுத்துவிட்டு நான்கடி பின்னால் நகர்ந்தால் முகம் திரும்பி வருகிறது. சிரிக்கவும் செய்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த முகங்களுக்குப் பின்னால் ஏன் அத்தனை இருட்டு? மூக்கு, உதடு, மோவாய் மூன்றின் விளிம்புகளும் அந்த இருட்டின் மேல்தான் முகமாகத் தீர்மானமாகின்றன. பக்கவாட்டு முகத்தில் ஒரு கண், ஒரு காது போதும். மீதியை வெளிக்கோடு பார்த்துக்கொள்ளும். நாணயத்தில் அரசன் தலையைப் பக்கவாட்டில் அடித்த பழக்கமும் இதற்குத் துணையாக வந்தது. பார்ப்பவர் கண் முதல் நொடியிலேயே "அரசன் தலை" என்று முடிவுகட்டிவிடும்; காய்கறி இரண்டாவது நொடியில்தான் தெரியும்.

பனிக்காலத்தில் மனிதரே இல்லை, ஒரு பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டைதான் இருக்கிறது. ஒடிந்த கிளை மூக்கு. மரத்தின் வெடிப்பு கண். மரத்தில் முளைத்த இரண்டு காளான்கள் பல் விழுந்த கிழவரின் உதடுகளாக ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருக்கின்றன. போர்த்தியிருப்பது வைக்கோல் பாய். மார்பில் ஒரு கொம்பில் ஓர் எலுமிச்சையும் ஓர் ஆரஞ்சும் தொங்குகின்றன. படத்தில் உயிருள்ள நிறம் அவ்வளவுதான். வசந்தத்தில் ஏறத்தாழ 80 வகை மலர்கள் இருப்பதாகத் தாவரவியலார் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் சொல்லி எண்ணும்படி வரைந்திருக்கிறார் என்பதுதான் அதில் செய்தி. போலோன்யாவின் இயற்கையியல் அறிஞர் அல்ட்ரொவாண்டிக்கு இவர் விலங்கு, தாவரங்களின் வரைபடங்கள் அனுப்பியிருக்கிறார். அறிவியலுக்கு வரைந்த அதே கைதான் கோடையின் காதையும் வரைந்தது. இரண்டுக்கும் கண்டிப்பு ஒன்றே.

3. சிலேடை

ஐரோப்பிய விமர்சகர்கள் இந்த முகங்களை மொழியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1978-இல் எழுதிய கட்டுரை அவற்றில் பேர்பெற்றது. எழுத்துக்குத் தனியே பொருள் கிடையாது, எழுத்துச் சேர்ந்து சொல்லானால்தான் பொருள். ஆனால் இங்கே சேர்வதற்கு முன்பே ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் இருக்கிறது என்ற போக்கில் அவர் யோசனை செல்கிறது. அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, இதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று தயாராக இருக்கிறதே என்பதுதான். சிலேடை.

காளமேகம் ஒரே வெண்பாவில் பாம்பையும் எள்ளையும் பாடியதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பாம்பு எள்ளாக உருமாறுவதில்லை. இரண்டும் முழுசாக அந்த நான்கு வரிக்குள் குடியிருக்கின்றன. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இரண்டாக வகுக்கும். "மாலை" என்றால் பொழுதும் ஆகும், பூவும் ஆகும். சொல்லைத் தொடவே வேண்டாம். இது செம்மொழி. "பலகை" என்பதைப் பல கை என்று பிளந்தால்தான் இரண்டாவது பொருள் வரும். இது பிரிமொழி.

ஆர்ச்சிம்போல்டோ செய்தது செம்மொழிச் சிலேடை. வெள்ளரியைப் பிளக்காமல் மூக்காக்கினார். பீச்சைச் சீவாமல் கன்னமாக்கினார். கத்தரிக்கோலை நம்பும் ஒட்டுப்படக்காரர் பெரும்பாலும் பிரிமொழியில் வேலை செய்கிறார். ஆறாவது பகுதியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

பொருளைத் தொடாமல் பார்வையை மட்டும் திருப்பும் இன்னொரு வித்தையும் அவரிடம் உண்டு. இத்தாலியின் கிரெமோனா நகர அருங்காட்சியகத்தில் ஒரு சிறு படம்: கிண்ணம் நிறையக் காய்கறி, வெங்காயம், முள்ளங்கி வகையறா. தலைகீழாகத் திருப்பினால் தோட்டக்காரர். கிண்ணம் தொப்பி, வெங்காயம் கன்னம். ஸ்டாக்ஹோமில் உள்ள படத்தில் ஒரு தட்டில் வறுத்த இறைச்சியின் மேல் மூடியை இரண்டு கைகள் தூக்குகின்றன. திருப்பினால் முரட்டுச் சமையற்காரர். தட்டின் விளிம்பிலிருந்த எலுமிச்சைத் துண்டு அவர் தொப்பியில் செருகிய அலங்காரம்.

தாராசுரம் போனவர்கள் ரிஷபகுஞ்சரச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். காளைக்கும் யானைக்கும் பொதுவாக ஒரே தலை. வழிகாட்டி ஒரு பக்க உடலைக் கையால் மறைப்பார், காளை. மறு பக்கத்தை மறைப்பார், யானை. நவநாரிகுஞ்சரமும் உங்கள் நினைவுக்கு வரும். ஒன்பது பெண்கள் உடலால் ஒரு யானை. இவற்றைக் காட்டி "நாம்தான் முதல்" என்று மார் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. வேறுபாடு ஒன்றைத்தான் சுட்ட விரும்புகிறேன். நவநாரிகுஞ்சரத்தின் யானை பொதுவான யானை. ஆர்ச்சிம்போல்டோவின் தலையோ பல நேரம் பெயரும் பதவியும் கொண்ட ஓர் ஆளின் தலை. ஆள் அடையாளம் தெரியவேண்டும், காயும் தெரியவேண்டும். இது கூடுதல் கஷ்டம்.

4. சிரிப்பும் முடியும்

பேரரசரின் முகத்தைக் காய்கறியால் வரைந்தால் தலை தப்புமா என்று மாணவர்கள் கேட்பார்கள். தப்பியது. பரிசும் கிடைத்தது.

பருவங்களுக்குப் பிறகு 1566-ஐ ஒட்டி நிலம், நீர், தீ, காற்று என்று நான்கு தலைகள் வரைந்தார். 1569 புத்தாண்டு நாளில் எட்டும் மாக்சிமிலியனுக்குக் காணிக்கையாயின. கூடவே ஜொவானி பத்திஸ்தா ஃபொந்தேயோ என்ற அறிஞர் எழுதிய செய்யுள்கள். பருவமும் பூதமும் ஜோடி ஜோடியாக முகம் பார்த்து நிற்கும்: வசந்தத்துக்குக் காற்று, கோடைக்குத் தீ, இலையுதிர்காலத்துக்கு நிலம், பனிக்காலத்துக்கு நீர். பருவங்களும் பூதங்களும் பேரரசருக்கு அடங்கி இசைந்து நடக்கின்றன என்பது செய்யுளின் சாரம். மெய்க்கீர்த்தி படித்துப் பழகிய நமக்கு இந்த மொழி புதிதல்ல. தீயின் கழுத்தில் பொன்னாட்டுத்தோல் வீரர் அணியின் மாலை தொங்குகிறது. அது ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் பெருமைச் சின்னம். பனிக்காலத்தின் பாய்ப் போர்வையில் மாக்சிமிலியனைக் குறிக்கும் எழுத்து.

நீரின் முகத்தைப் பார்த்தால் 60-க்கு மேல் நீர்வாழ் உயிர்கள். நண்டு, ஆமை, தவளை, பவளம், நடுவே கழுத்தில் ஒரு முத்துமாலை. அளவுகளை மட்டும் ஒழுங்காகக் கலைத்துவிட்டார். கடலில் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முகத்தில் அதற்குக் கிடைக்கும் இடம்தான் அதன் அளவு. சட்டம் மீறிய ஒரே இடம் இது. உருவத்தில் கைவைக்கவில்லை, நிறத்தில் கைவைக்கவில்லை, அளவில் வைத்தார். ஒட்டுப்படம் செய்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மிலான் திரும்பிய பிறகு, 1590-ஐ ஒட்டி, ருடோல்பையே வெர்த்தும்னுஸ் என்ற உரோமானியப் பருவ தெய்வமாக வரைந்து பிராகுக்கு அனுப்பினார். மூக்கு பேரிக்காய். ஒரு கண் செர்ரி, மற்றது கருநிறப் பெர்ரி. பட்டாணித் தோல் இமை. தாடியில் செஸ்ட்நட்டின் முள்தோல். நேர்முகமாக நம்மைப் பார்க்கிற முகம் என்பதால் பக்கவாட்டு வெளிக்கோட்டின் உதவி இங்கே கிடையாது. இரண்டு கண்ணும் இரண்டு கன்னமும் ஒத்துப்போகவேண்டும், ஆனால் அச்சு எடுத்தது மாதிரி ஒரே காயாகவும் இருக்கக்கூடாது. என் கணக்கில் அவருடைய மிகக் கடினமான படம் இதுதான். ருடோல்ப் மகிழ்ந்தார், 1592-இல் ஓவியருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தார். 1648-இல் சுவீடன் படை பிராகைக் கொள்ளையடித்தபோது அரண்மனைச் சேகரிப்புகள் வடக்கே போயின. வெர்த்தும்னுஸ் இன்று சுவீடனின் ஸ்கூக்லோஸ்டர் கோட்டையில் இருக்கிறார்.

கேலிப் படங்களும் உண்டு. 'சட்ட வல்லுநர்' படத்தில் ஆளின் முகம் இறகு பிடுங்கிய கோழி, வாய்ப்பக்கம் மீன், உடம்பு முழுக்கச் சட்டக் காகிதக் கட்டு. யாரைக் குறிக்கிறது என்று அரசவையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை; முன்வரிசையில் வழக்கறிஞர்கள் சிலர் இருக்கிறார்கள்.

5. காகித மனிதர்

இப்போது என் உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். மற்றவர்களைப் பழமும் பூவும் மீனுமாக வரைந்தவர் தன்னை எதனால் வரைந்தார்?

பிராகில் ஒரு படம் இருக்கிறது, 1575-ஐ ஒட்டியது. பேனாவும் நீலச் சாயமும். தொப்பி, தாடி, நேராகப் பார்க்கும் கண். எந்த வித்தையும் கிடையாது. உருவப்பட ஓவியராக அரசவைக்கு வந்தவர்தான் என்பதை அந்தப் படம் நமக்கு நினைவூட்டுகிறது.

இன்னொன்று ஜெனோவாவில் இருக்கிறது, 1587-இல் வரைந்தது. முகம் முழுக்கக் காகிதம். நெற்றி ஒரு மடித்த தாள். மூக்கு ஒரு மடிப்பு. தாடி, கத்தரியின் முனையால் இழுத்துச் சுருட்டியது போன்ற காகிதச் சுருள்கள். மேலங்கியும் காகிதம்தான். வெட்டி ஒட்டியதென்று நினைத்துவிடாதீர்கள். தாளின்மேல் பேனாவும் சாயமும் கொண்டு வரைந்த தாள்கள். கழுத்துப்பட்டியில் ஆண்டைக் குறித்திருக்கிறார். நெற்றிச் சுருக்கத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் அது 61 என்ற எண்ணாக மாறும். வயது. பிறந்த ஆண்டு 1526 என்று நாம் சொல்வது இந்தச் சுருக்கத்தைக் கழித்துப் பார்த்துத்தான்.

அரசவையை விட்டு ஊர் திரும்பும் ஆண்டு அது. இருபத்தைந்து வருடம் அரசர்களுக்குத் தோட்டத்தையும் கடலையும் முகமாக்கிக் கொடுத்தவர், தனக்கென்று ஒரு செர்ரிப்பழம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஓவியன் நாள்தோறும் கைவைக்கும் பொருள் எது? தாள். வரைவதும் கிழிப்பதும் மறுபடி வரைவதும் அதில்தான். அவர் தன்னைத் தன் வேலைப்பொருளால் செய்துகொண்டார். அடக்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசனுக்கு நிலமும் நீரும் தீயும் சொந்தம் என்றால் எனக்குக் காகிதம் சொந்தம் என்று சொல்வதில் அடக்கத்தைவிடக் கொஞ்சம் மிடுக்குதான் அதிகம்.

அவர் பெயர் போடும் விதத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கோடையின் கழுத்துப்பட்டியில் வைக்கோலைப் பின்னுவதுபோலவே தன் பெயரைப் பின்னியிருக்கிறார், தோளில் 1563. பல ஆண்டுக்குப் பிறகு, ஒரே தலைக்குள் நான்கு பருவமும் வரும்படி ஒரு படம் செய்தார். இன்று வாஷிங்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. முடிச்சும் பொந்துமான கிழட்டு மரம், அங்கங்கே பூ, கதிர், ஆப்பிள், திராட்சை. அதில் மேலே ஒரு கொம்பின் பட்டையைச் சீவிவிட்டு, வெளுத்த கட்டையில் கீறியதுபோலப் பெயர். அந்த மரமே ஓவியர்தான் என்று கருதுபவர்கள் உண்டு. வைக்கோல் படத்தில் பெயரைப் பின்னினார், மரப் படத்தில் கீறினார், தாள் படத்தில் வயதை மடிப்பாக்கினார். எந்தப் பொருளோ அந்தப் பொருளின் வழக்கப்படி.

6. கத்தரிக்கோல்

ஒட்டுப்படத்தின் வரலாற்றை முழுதாகச் சொல்ல நேரமில்லை. 1912-இல் பிக்காசோ பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியைப் படத்தில் ஒட்டினார்; அதே ஆண்டில் பிராக் என்ற ஓவியர் மரக்கோடு அச்சடித்த சுவர்த்தாளை ஒட்டினார். நவீன ஓவியத்தில் ஒட்டுப்படம் அங்கே தொடங்கியது என்று பாடப்புத்தகம் சொல்லும். அதற்கு 140 ஆண்டு முன்பே, 1772-இல், மேரி டெலானி என்ற ஆங்கிலப் பெண்மணி 72 வயதில் நிறத்தாளை வெட்டிக் கருப்புத் தாளில் மலர்கள் ஒட்டத் தொடங்கினார். பத்து ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் மலர். கண் மங்கிய பிறகே நிறுத்தினார். அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலர் இங்கே இருப்பதால் வயதை அழுத்திச் சொல்கிறேன்.

தன்னுருவத்துக்கு வருவோம். பெர்லினின் ஹன்னா ஹோக் ஒரு பெரிய பத்திரிகைப் பதிப்பகத்தில் பின்னல், தையல் பூவேலை மாதிரிகள் வரையும் வேலையில் இருந்தவர். 1919-20-இல் அவர் செய்த 'சமையலறைக் கத்தி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒட்டுப்படத்தில் அரசியல்வாதிகள், நடனக்காரிகள், சக்கரங்கள் என்று பத்திரிகைப் படங்கள் நெருக்கியடிக்கின்றன. கீழே வலது மூலையில் ஐரோப்பிய வரைபடத்தின் ஒரு துண்டு. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த நாடுகள் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரைபடத்தின் ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு தலை. ஹோக்கின் தலை. ஒரு மீட்டருக்கு மேல் உயரமான படத்தில் ஓவியர் கையெழுத்துப் போடும் மூலையில் தன் முகத்தை வைத்திருக்கிறார்.

இது பிரிமொழிச் சிலேடை. தலை ஒரு தளபதிக்கு, உடம்பு நடனக்காரிக்கு. வெட்டிய இடத்தில்தான் அர்த்தம் பிறக்கிறது. ஆனாலும் வெட்டப்பட்ட ஒவ்வொரு துண்டும் எந்தப் பத்திரிகைக் காகிதமோ அந்தக் காகிதமாகவே இருக்கிறது. அச்சுப் புள்ளிகூட மறைக்கப்படவில்லை. ஆர்ச்சிம்போல்டோவின் சட்டம் இங்கேயும் செல்லுகிறது என்பதுதான் என் வாதம். வெட்டலாம். நடிக்க வைக்கக்கூடாது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1936-இல் கனவுநிலை ஓவியங்களுக்கும் தாதா என்ற கலை இயக்கத்துக்கும் நடத்திய கண்காட்சியில் ஆர்ச்சிம்போல்டோவையும் சேர்த்து மாட்டியது. மூன்று நூற்றாண்டாக மூலையில் கிடந்தவருக்கு ஒட்டுப்படக்காரர்களின் வழியாகத்தான் மறுவாழ்வு வந்தது.

7. வகுப்பறை

கேள்வி நேரத்தில் பலர் கேட்டது: இதை வகுப்பில் எப்படிச் செய்வது? நான் பல ஆண்டு செய்து கெடுத்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் நான் கொடுத்த பயிற்சியே தவறு. "உங்களுக்குப் பிடித்தவற்றை ஒட்டி உங்கள் முகத்தைச் செய்யுங்கள்" என்றேன். கிரிக்கெட் மட்டை, பிரியாணி, நடிகர், செல்பேசி, ஒரு நாய்க்குட்டி. முப்பது பேருக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல். முகக்கோட்டுக்குள் அவற்றை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். அதில் பட்டியல் இருந்தது, முகம் இல்லை. மட்டை எந்த இடத்திலும் எதுவாகவும் இல்லை, சும்மா மட்டையாக இருந்தது. அடுத்த ஆண்டு நேர் எதிர்த் தவறு: கேரட் படத்தை மூக்கு வடிவத்தில் வெட்டச் சொன்னேன். மூக்கு வந்தது, கேரட் போய்விட்டது. வெறும் ஆரஞ்சுத் தாள்.

அதன்பிறகு வரிசையை மாற்றினேன். சுவரில் நிழல் விழும்படி விளக்கு வைத்து, ஒருவர் பக்கவாட்டு நிழலை இன்னொருவர் கரிக்கோட்டில் எடுக்கவேண்டும். கண் தலையின் பாதி உயரத்தில் இருக்கிறது என்பதை நூல் பிடித்து அளந்து பார்க்கவேண்டும். எல்லோரும் கண்ணை நெற்றியில்தான் வைப்பார்கள். பிறகு பொருள்: ஒரே வகைப் பொருள், வீட்டில் நாள்தோறும் கைபடுவது. அதை வெட்டாமல், நிழலின்மேல் வைத்து, நகர்த்தி, திருப்பி, எங்கே அது தானாகப் பொருந்துகிறது என்று பார்க்கவேண்டும். முதல் நாள் பசையே கிடையாது. பசை வந்தால் பொறுமை போய்விடும். பசை மைதாவைக் காய்ச்சியது. பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் கட்டுபவர்கள் சேர்ப்பதுபோல ஒரு சிட்டிகை மயில்துத்தம். மெல்லிசாகத் தடவி, பின்னாலிருப்பதை முதலிலும் முன்னாலிருப்பதைக் கடைசியிலுமாக ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு.

தினசரி காலண்டர் தாளில் ஒருவன் செய்தான். மாத்திரை அட்டையின் பின்பக்க வெள்ளித்தாளில் ஒருத்தி செய்தாள். மாத்திரை போன குழிகள் அப்படியே முகத்தில் அம்மைத் தழும்பாக நின்றன. என் மேசையில் நான் வைத்திருப்பது இன்னொரு மாணவி செய்தது.

அந்தப் பெண்ணின் வீட்டில் தையல் தொழில். அம்மா ரவிக்கை தைப்பவர். தையற்காரர்கள் பழைய செய்தித்தாளில் அளவு மாதிரி வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருப்பார்களே, அதில் ஒரு கட்டை எடுத்து வந்தாள். எதையும் வெட்டவில்லை, எல்லாம் முன்பே வெட்டப்பட்டவை, வேறு காரணத்துக்காக. ஒரு கைத்துண்டின் வளைவு நிழலின் மூக்கில் போய் உட்கார்ந்தது. கைக்குழி வெட்டின் குழிவு கண்ணுக்கு வந்தது. முன்கழுத்தின் வளைவைத் திருப்பிப் போட்டபோது தாடை. பேச்சில்லாமல் அரைமணி நேரம் நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஒட்டி முடித்தபிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம், பாதி. கண்ணுக்குக் கீழே குண்டூசி குத்திக் குத்தி வந்த துளைகள். தாடையின் ஓரத்தில் அம்மாவின் பென்சில் எழுத்து, யாரோ ஒரு வாடிக்கைக்காரியின் அளவு: முன்கழுத்து 6½.

அதை அழித்துவிடலாமா என்று கேட்டாள். ஆர்ச்சிம்போல்டோவின் காகித முகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து, நெற்றியைக் காட்டினேன். அந்தச் சுருக்கத்தில் 61 என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.